வெள்ளை பூசிய இடம்

அந்தச் செருப்பு தன்னுடையது என்பதுதான் அன்னபாக்கியத்துக்கு முதலில் தெரிந்தது, முகமெல்லாம் பிறகுதான். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஒரு பெண்ணின் இடது கால், வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு, பெருவிரல் மட்டும் லேசாகத் தூக்கினாற்போல இருந்தது. ஊக்கின் முனை உள்பக்கம் இருந்தால் விரலை அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மறந்துபோய் ஊன்றினால் சுருக்கென்று ஏறும். அந்தச் செருப்பைப் போட்டு நடந்த காலுக்கு மட்டும் தெரிந்த விஷயம் இது. கால் போய் யாரிடமும் சொல்லியிருக்காது, பின்னே இதை வரைந்த மனுஷனுக்கு எப்படித் தெரிந்தது? அவள் குனிந்து இப்போது போட்டிருக்கும் செருப்பைப் பார்த்தாள், மகள் தேன்மொழி வாங்கிக் கொடுத்தது, உள்ளே மெத்தை வைத்தது. மறுபடி நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். உட்கார இடம் தேடித்தான் அவள் இந்தக் கூடத்துக்குள் வந்தாள். வெளியே வாசலில் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி போட்டு வைத்துவிட்டு எல்லோரும் சிறப்பு விருந்தினருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சினிமா இயக்குநர், சென்னை நெரிசலில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறாராம், இதோ வந்துவிட்டார் இதோ வந்துவிட்டார் என்று பரிதி சொல்லிக்கொண்டேயிருந்தான். பரிதிதான் இந்தக் கண்காட்சியை ஏற்பாடு செய்தவன், தாடி வைத்த தம்பி, நல்ல பிள்ளை, அவள் புருஷன் உயிரோடு இருந்த கடைசி வருஷங்களில் சிவகாசிக்கு வந்து வந்து பரணிலிருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கித் தூசி தட்டியவன். நின்று நின்று அவளுக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. திறப்பு விழாவுக்கு முன்னால் உள்ளே போகக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள். ஓவியர் கோடியின் மனைவியைக் கயிறு என்ன செய்யும், தூக்கிவிட்டு நுழைந்துவிட்டாள். ஏசி குளிர் முகத்தில் அறைந்தது. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு ஒரு நாற்காலி தென்படுகிறதா என்று பார்த்தபோதுதான் அந்தச் செருப்பு.

குதிரை இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். முகமூடி போட்டவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருப்பான், பக்கத்தில் டுமீல் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், மரத்துக்குப் பின்னால் ஒரு மீசைக்காரன் ஒளிந்திருப்பான். அவர் வரைந்ததெல்லாம் அப்படித்தான் என்பது அவள் எண்ணம். முழுப் பேர் தனுஷ்கோடி என்றால் சொந்தத் தெருவில்கூடத் தெரியாது, கோடி என்றால் தமிழ் படிக்கத் தெரிந்த பையன்களுக்கெல்லாம் தெரியும், வாரம் தவறாமல் படக்கதை. அவளுக்கு அதில் ஒரு பக்கம்கூடப் படித்த பழக்கமில்லை. பொம்மைப் புஸ்தகம் பிள்ளைகளுக்கு, பொம்பளைக்கு எதற்கு? அவளுக்கு அவருடைய தொழில் என்றால் தலையணை உறையில் போகாத கறுப்பு மை, சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் பேனா நிப்பு, ஜன்னலைச் சாத்தாதே வெளிச்சம் போய்விடும் என்கிற முணுமுணுப்பு, அவ்வளவுதான். வேண்டாம் என்று அவர் ஒதுக்கிய தாள்களை அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் மஞ்சள்தூள் டப்பாவையும் சீரக டப்பாவையும் அடுக்குவாள், கெட்டியான தாள், வருஷம் தாங்கும். பரிதி முதல்முறை வீட்டுக்கு வந்தபோது அலமாரியைப் பார்த்துவிட்டு டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி அந்தத் தாள்களை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நின்றான், சாமிக்குச் சாத்தியதை வாங்குகிறவனைப் போல. அவளுக்குச் சிரிப்பாக வந்தது. இங்கே இப்படி ஒரு முழு நாவலைப் படத்திலேயே சொன்ன முதல் ஆள் ஐயாதான்மா என்று அவன் சொன்னபோதும் சிரிப்புத்தான். எந்த நாவல், என்ன நாவல் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் குளிரில், ஊர் கூடும் இடத்தில், தன் காலையே இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்காது. செருப்பிலிருந்து கண்ணை எடுத்து மேலே போனாள், சேலை, கரை, மடியில் பிள்ளை, பிள்ளைக்குப் புள்ளி போட்ட கவுன், பக்கத்தில் பெஞ்சின்மேல் மூங்கில் பிடி வைத்த பை. கடைசியாக முகம். அவளுடைய முகம்தான், இருபத்தாறு இருபத்தேழு வயசு முகம். சிவகாசி பஸ் ஸ்டாண்டு, கோவில்பட்டி வண்டி நிற்கும் இடம், அந்த மத்தியானம். யாருக்கும் தெரியாத மத்தியானம் அது. கட்டின புருஷனுக்குத் தெரியாது, பெற்ற தாய்க்குத் தெரியாது, மடியில் கிடந்த மூன்று வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? அவளோடு சேர்ந்து எரிந்து சாம்பலாகப் போயிருக்க வேண்டிய மத்தியானம் சுவரில் ஆணியடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது, மேலே தனியாக ஒரு விளக்கு வேறு.

படக்கதையை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. சுவரோரமாகவே பின்னால் போய் வாசல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நாலு மணி வண்டி என்று பெரிதாக எழுதியிருந்தது. முதல் படத்தில் வீட்டுக் கதவு, கதவில் அவள், இடுப்பில் பிள்ளை, வாய் திறந்திருக்கிறது. அடுத்த கட்டத்தில் அதே அவள், வாய் வேறு மாதிரி. அதற்கடுத்ததில் வாய் மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு எழுத்து கிடையாது, பேச்சு எழுதும் வெள்ளை வட்டம் எதுவும் கிடையாது. எழுதாவிட்டால் என்ன, அந்த வாய் என்ன சொன்னது என்று அந்த வாய்க்குத் தெரியாதா? நான் கோவில்பட்டிக்குப் போறேன். இனிமே வரமாட்டேன். மேஜையில் குனிந்து உட்கார்ந்திருந்த அந்த முதுகைப் பார்த்துத்தான் சொன்னாள். முதுகு ம் என்றது. அவர் கெட்டவரில்லை, அதைச் சொல்லியாக வேண்டும், கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் நல்ல வார்த்தையும் கிடையாது, ம் மட்டும்தான். பிள்ளைக்குக் காய்ச்சல்ங்க என்றால் ம். உப்பு போதுமா என்றால் ம். எதிர்வீட்டில் சாவு என்றால் ம். நாலு வருஷம் ஒரு கழுத்தின் பின்பக்கத்தோடு குடித்தனம் நடத்தினாள். வரமாட்டேன் என்று சொன்னதற்கும் அதே ம் வந்தபோது சரி, இவர் காதில் எதுவும் விழவில்லை, நான் செத்தாலும் விழாது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். இதோ படத்தைச் சுற்றி ஒரு சட்டம் வரைந்திருக்கிறார், மேல் மூலையில் ஒரு சில்லு பெயர்ந்த சட்டம். அந்தச் சில்லை அவளுக்குத் தெரியும். மேஜைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த முகம்பார்க்கிற கண்ணாடி அது. பயம், கோபம், திடுக்கிடல் எல்லாவற்றையும் தன் முகத்திலேயே வரவழைத்து, அந்தக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வரைவார், கிறுக்கு மாதிரி இருக்கும். அந்தக் கண்ணாடி அவருக்கு முன்னால் இருந்தது. அவருக்குப் பின்னால் கதவு. கதவில் நின்ற அவள் அதில் முழுசாகத் தெரிந்திருக்கிறாள். அன்றைக்கு மட்டுமா? நாலு வருஷமும். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷமும். முதுகிடம் பேசியதாக அவள் நினைத்ததெல்லாம் முகத்திடம் பேசியதுதானா? அப்படியானால் அவள் பேசும்போது அந்த முகம் எப்படி இருந்தது? அவளுக்குத் தெரியாது, அவள் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சுவரைத் தொடாதீங்க என்று அங்கே ஒரு அட்டை ஒட்டியிருந்தது.

அடுத்த பக்கத்திலிருந்து டீக்கடை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீக்கடை இருந்தது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது, அங்கிருந்துதான் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் கிட்டத்தில் பெரிசாக பிஸ்கட் ஜாடி, தொங்குகிற வாழைத்தார், அப்புறம் ஒரு கண்ணாடி கிளாஸ், கிளாஸைப் பிடித்த கை, கட்டைவிரல் நகத்தில் மை. ஜாடிக்கும் தாருக்கும் இடையில் தூரத்தில், சுண்டுவிரல் அளவுக்கு, பெஞ்சில் அவள். ஒரு படத்தில் கிளாஸ் நிறைய டீ, அடுத்ததில் பாதி, அப்புறம் காலி, அப்புறம் மறுபடி நிறைய. இடையில் ஒரு பஸ் வந்து நின்று பெஞ்சை மறைக்கிறது, அந்தப் படத்தில் கிளாஸ் சாய்ந்து டீ சிந்துகிறது. பஸ் போய்விடுகிறது, பெஞ்சில் அவள் இருக்கிறாள், கை கிளாஸை நிமிர்த்துகிறது. இப்படியே பக்கம் பக்கமாக ஒரு சுவர் முடிந்து அடுத்த சுவருக்குத் திரும்பியது. வந்திருக்கிறார். ம் என்று சொன்ன மனுஷன் பின்னாலேயே வந்திருக்கிறார். வந்து என்ன செய்தார்? டீ குடித்தார். பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போகப் பார்க்கிறாள், இவர் எதிர்க்கடையில் உட்கார்ந்து கிளாஸ் கிளாஸாக டீ குடித்திருக்கிறார். அந்த ரோட்டின் அகலம் என்ன இருக்கும்? பஸ் ஸ்டாண்டு மாடு ஒன்று நாள் பூராவும் அதைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். மாட்டுக்கு முடிந்தது இவருக்கு முடியவில்லையா? கோபம் மூக்குநுனி வரை வந்தது. கோபப்பட ஆள் இல்லாததால் அது அங்கேயே நின்றது. போனால் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாரா? போகட்டும், அவளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்றா? இல்லை, படம் வரையலாம் நல்ல காட்சி என்றா? அப்படியும் இருக்கும், அவரை நம்ப முடியாது. அன்றைக்கு நாலு மணி வண்டியும் வந்தது, அவள் எழுந்துகூட நின்றாள், நடத்துனர் பையை வாங்கக் கையை நீட்டினார். அப்போதுதான் காலையில் இட்லிக்கு அரிசி ஊறப்போட்டது ஞாபகம் வந்தது, ஊறி ஊறிப் புளித்துப்போகுமே என்று. அதற்காகவா ஒருத்தி திரும்பி வருவாள்? அவள் திரும்பி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மேஜையில் அதே இடத்தில் அதே முதுகோடு குனிந்திருந்தார். கடைக்குப் போயிருந்தேன் என்றாள். ம் என்றார். சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது, அது ஞாபகம் இருக்கிறது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போது இவருக்கு ஏன் இப்படி வேர்க்கிறது என்று நினைத்தாள், நினைத்துவிட்டு அரிசியைக் களைய உட்கார்ந்துவிட்டாள். சந்து வழியாக ஓடி வந்திருக்கிறார். அவளுக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று ஓடியிருக்கிறார், அந்த மனுஷன் ஓடி அவள் பார்த்ததே இல்லை.

“அம்மா, நீங்க ஐயா வீட்டுலதான?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், சட்டைப் பையில் கண்ணாடிக் கூடு, கையில் துணிப்பை. அவரும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு நுழைந்திருக்க வேண்டும். “நான் அருப்புக்கோட்டைம்மா, பேரு திருமேனி, மின்சார வாரியத்துல லைன்மேனா இருந்தேன். இதைப் பாக்கத்தான் ராத்திரி ரயில் ஏறி வந்தேன்.” அவள் தலையை ஆட்டினாள். அவர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார், அட்டை நைந்து ஓரமெல்லாம் நூல் விட்டிருந்தது, அதே பெஞ்சு, அதே அவள். “இதை எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. எம் பொஞ்சாதி கோவிச்சுக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போனப்பதான் மொத வாட்டி படிச்சேன். படிச்சு முடிச்ச கையோட எந்திரிச்சுப் போயி அவளைக் கூட்டிட்டு வந்துட்டேன்மா. அந்த டீக்கடையில உக்காந்திருக்கானே, அவனை மாதிரி உக்காந்துறக்கூடாதுன்னு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்னபாக்கியம் சிரிக்கவில்லை. “யாரும்மா அந்தப் பொம்பளை? நாங்க படிக்கிறவங்க எல்லாம் இத்தனை வருஷமா இதைத்தான் பேசிக்கிட்டிருக்கோம். ஐயாட்ட ரெண்டு தடவை கேட்டேன், வாயே தெறக்கலை. பழகுன பொம்பளையா இருக்கும்னு சில பேர் தப்பாச் சொல்லுவானுங்க. நான் நம்ப மாட்டேன்.” அவள் பெரியவரின் முகத்தையே பார்த்தாள், அடையாளம் தெரிகிறதா என்று. தெரியவில்லை. எழுபதை நெருங்கிய, பல்லுக்கட்டிய, முழங்கால் வீங்கிய கிழவிக்கும் அந்தப் பெஞ்சுக்காரிக்கும் என்ன சம்பந்தம்? “கடைசியில என்ன ஆகுது?” என்று கேட்டாள், தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. “உங்களுக்குத் தெரியாததாம்மா? நாலு மணி வண்டி வந்து போயிருது, பெஞ்சு காலியாக் கெடக்கு. போயிட்டா. நல்லா இருக்கட்டும்னு நாங்க நெனச்சுக்கிட்டோம்.” போய்விட்டாளாம். அருப்புக்கோட்டையிலும் எங்கெங்கேயோ இருக்கிற ஊரிலும் ஆட்கள் அவள் போய்விட்டதாக நினைத்து நல்லா இருக்கட்டும் என்று வாழ்த்திக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவள் அங்கே இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: “இப்படி ஒண்ணை வரைஞ்ச மனுஷன் அதுக்கப்புறம் ஏம்மா இன்னொண்ணு வரையலை? திரும்பவும் குதிரை, துப்பாக்கின்னு போயிட்டாரே. யாராவது மனசு நோகுற மாதிரி சொல்லிட்டாங்களோ?”

பெரியவர் கையில் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்தப் புத்தகம் தெரிந்தது. அதுவரை படம்தான் தெரிந்தது, தன் முகம்தான் தெரிந்தது. இப்போது அந்தப் புத்தகத்தின் பருமன் தெரிந்தது. கையில் அதைப் பிடித்த பழக்கம் விரலுக்கு ஞாபகம் வந்தது. ஒருநாள் காலையில் அச்சாபீஸிலிருந்து வந்த புத்தகத்தை அவர் அடுப்பு மேடையில் வைத்தார். வழக்கமாக எதையும் கொண்டுவந்து காட்டமாட்டார், அன்றைக்கு வைத்தார். பழுப்புக் காகிதம் சுற்றியிருந்தது. அவளுக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, தேன்மொழிக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகியிருந்தது. குழம்பு தெறிக்கும் என்று எடுத்து ஓரமாக வைத்தாள். மறுநாள் காலை அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார், அதுவே அதிசயம், சோறு என்றால்கூட உள்ளே வரமாட்டார். “பாத்தியா?” என்றார். அவள் “பாத்தேன்” என்றாள். ஏன் சொன்னாள்? பாக்கலை என்றால் ஏன் என்று கேட்பார், நேரமில்லை என்று சொல்ல வேண்டும், அதற்கு நேரமில்லை. வீட்டுக்கு வீடு பொம்பளைகள் நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற பாத்தேன்தான் அது. அவர் போகவில்லை. “ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?” என்று கேட்டார். “என்ன சொல்லணும், நல்லாத்தான் இருக்கு” என்றாள், கடுகு வெடித்துக்கொண்டிருந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தான் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது இப்போது அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் பார்த்தது இவள் முதுகை. அங்கே சுவரில் கண்ணாடியும் கிடையாது. அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வாரமோ அதற்கடுத்த வாரமோ கிரைண்டர் கால் ஆடியது, தரை மேடுபள்ளம், ஆட்டும்போது குடம் மாதிரி குலுங்கிச் சத்தம் போட்டது. ஒரு காலுக்கு அடியில் எதையாவது வைக்க வேண்டும். செங்கல் அதிகம், அட்டை போதாது, பழுப்புக் காகிதம் பிரிக்காத அந்தப் புத்தகம் அளவெடுத்ததுபோல் இருந்தது. வைத்தாள். சத்தம் நின்றுவிட்டது. கிரைண்டர் பழுதாகிப் போகும் வரை அங்கேயே இருந்தது அது. அவர் தினமும் அதைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போவார். தினமும் பார்த்திருப்பார். கண்ணாடியில் பார்த்தே பெருவிரல் தூக்கியதைக் கண்டுபிடிக்கிற கண் அது, அடுக்களைத் தரையில் தன் புத்தகம் கிடப்பதைப் பார்க்காமல் போகுமா? பாத்தேன் என்றாள், நல்லாத்தான் இருக்கு என்றாள், பிறகு அதைக் கிரைண்டர் காலுக்கு வைத்தாள். இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன பதில் வேண்டும்? அன்னபாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் இல்லை, நான் பாக்கவே இல்லை, எனக்குத் தெரியாது என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டேயிருந்தது. யாரிடம் சொல்கிறது அது? யாராவது மனசு நோகுற மாதிரி சொல்லிட்டாங்களோ என்று பெரியவர் கேட்டதற்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. பெரியவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, புருஷன் நினைப்பில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, மெதுவாக அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்.

“இங்கயா இருக்க? வெளிய எல்லாரும் உன்னைத் தேடுறாங்க” என்று தேன்மொழி வந்து தோளைத் தொட்டாள். நாற்பது தாண்டிய மகள், வங்கியில் மேலாளர், அவரைப் போலவே கட்டைவிரல். அன்னபாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைக் காட்டினாள். மடியில் தூங்குகிற பிள்ளையைக் காட்டினாள், புள்ளிக் கவுனைக் காட்டினாள். “இது நீ” என்றாள். தேன்மொழி அதிரவில்லை. “தெரியும்மா” என்றாள், வெகு சாதாரணமாக. தெரியுமா? எப்போதிலிருந்து? “இது வந்தப்ப நான் ஏழாங்கிளாஸ். அப்பா மேஜையில இருந்து எடுத்துப் படிச்சேன். அந்தக் கவுனு எனக்குத் தெரியாதா, அதைப் போட்டுக்கிட்டு எடுத்த போட்டோ நம்ம வீட்லயே இருக்கே.” ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, தன் அம்மா ஒருநாள் தன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பினாள் என்று. அதைத் தெரிந்துகொண்டே அவள் தலை பின்னிவிடச் சொல்லிக் குனிந்திருக்கிறாள், சோற்றைப் பிசைந்திருக்கிறாள், கல்யாணம் பண்ணிக்கொண்டு போயிருக்கிறாள். “ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கலையேடி.” “உங்கிட்டக் கேக்கப் பயம், அடிப்பே. அப்பாகிட்டக் கேட்டேன். அம்மாவுக்கு இது தெரியுமாப்பான்னு. அவ பாத்துட்டான்னார்.” தேன்மொழி ஞாபகப்படுத்திப் பார்த்தாள். “அவ பாத்துட்டா, ஒண்ணும் சொல்லலை, விடுன்னார். அதனால நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். பேசலையா?” பேசி முடித்துவிட்டார்களா என்று கேட்கிறாள். பிள்ளை கேட்பது நியாயம்தான். அவர் பேசிவிட்டார், நூறு பக்கத்துக்கு, தன்னால் முடிந்த ஒரே பாஷையில், கூச்சப்படுகிற மனுஷன் ஊரறியப் பேசிவிட்டார். அதைப் படிக்காமலே அவள் பதிலும் சொல்லிவிட்டாள். முடிந்துதான் போயிற்று. இருபத்தைந்து முப்பது வருஷம் இரண்டு பேரும் அந்தப் பதிலுக்குள்ளேயே குடியிருந்திருக்கிறார்கள், அவருக்கு மட்டும் அது தெரிந்திருக்கிறது. கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முகத்தையே பார்த்தார். என்னங்க வேணும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையசைத்தார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

கடைசிப் படம் தனியாக ஒரு சுவரில் இருந்தது. ஒரு பக்கம் முழுக்க ஒரே படம். கிட்டத்தில் ஜாடி, வாழைத்தார், டீக்கடைப் பலகையில் கிளாஸ். தூரத்தில் புழுதி, புழுதிக்கு நடுவே காலிப் பெஞ்சு. அவள் கிட்டே போனாள். மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே. எல்லாப் படத்திலும் கிளாஸைப் பிடித்திருந்த கை இதில் இல்லை, கிளாஸ் பாதி டீயோடு தனியாக நின்றது. ஆள் எழுந்து போய்விட்டான். எங்கே போனான்? பெஞ்சு இருந்த இடத்தில் வெள்ளை வர்ணம் அப்பியிருந்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும், அவர் மேஜையில் எப்போதும் ஒரு வெள்ளை வர்ணக் குப்பி திறந்தே இருக்கும், தப்பாகப் போட்ட கோட்டின்மேல் அதைப் பூசிக் காயவைத்து, மேலே வேறு வரைவார், அச்சில் பூசியது தெரியாது. சில நாள் அந்தக் குப்பிக்குள் பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டுவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறாள் தேன்மொழி. இங்கே பூசியது கெட்டியாக, நாலைந்து தடவை, அதன்மேல்தான் காலிப் பெஞ்சை வரைந்திருக்கிறார். வருஷமாகி அது மஞ்சளித்து மெல்லிசாக வெடித்திருந்தது. மேலேயிருந்து விழுந்த விளக்கு வெளிச்சத்தில் வெடிப்புக்கு அடியில் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. அவள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். மூங்கில் பிடி வைத்த பை. புள்ளி. சேலைக் கரை. அவளுக்கு இந்தப் பக்கம், பெஞ்சின் காலியான பாதியில், தோளில் தொங்கும் பை, மூக்குக்கண்ணாடியின் காது, மடியில் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கும் இரண்டு கை. அவர்தான். ரோட்டைக் கடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் முதலில் முடித்திருக்கிறார் கதையை. பிறகு பார்த்திருப்பார், அன்றைக்கு நான் ரோட்டைக் கடக்கவில்லையே, கடந்ததாக எப்படி வரைவது என்று. தன்மேல் வெள்ளையைப் பூசினார். தான் இல்லாத பெஞ்சில் அவள் மட்டும் எதற்கு என்று அவள்மேலும் பூசி அவளைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். அன்னபாக்கியத்துக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அம்மா, டைரக்டர் வந்துட்டார்” என்று பரிதி ஓடி வந்தான். அவள் பார்க்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, “கவலைப்படாதீங்கம்மா, அந்த வெள்ளைத் திட்டெல்லாம் புதுப் பதிப்புல கம்ப்யூட்டர்ல சுத்தமா எடுத்துடுறோம், பளிச்சுனு இருக்கும்” என்றான். “எடுக்காதே” என்றாள். அதட்டியதுபோல் வந்துவிட்டது. பரிதி திகைத்து மகளைப் பார்த்தான். “அது அப்படியே தெரியணும் தம்பி. கைவைக்காதே.”

விளக்கேற்றினார்கள். இயக்குநர் சின்ன வயசில் குதிரைக் கதைகளைப் படித்துவிட்டுத் துடைப்பக்கட்டையில் ஏறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடியதைச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். அன்னபாக்கியம் முன்வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் வைத்திருந்த கையைப் பார்த்தபோது அது அந்த வெள்ளைக்கு அடியில் இருந்த கைபோலவே இருந்தது, எடுத்து நாற்காலிக் கையில் வைத்தாள், அங்கும் பொருந்தவில்லை. பாத்தியா என்றார். பாத்தேன் என்றாள். அந்தக் கடுகு வெடிக்கிற சத்தத்தை நிறுத்திவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். திரும்பியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? சண்டை போட்டிருப்பாள், ஊரைக் கூட்டியிருப்பாள், டீயா குடிச்சீங்க என்று கிழித்திருப்பாள். கிழித்திருக்கலாம். அதற்காகத்தானே வந்து நின்றார் மனுஷன். பரிதி ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தான்: ஒரே ஒரு பெரும் படைப்பு, அதற்குப் பிறகு ஏன் மௌனம் என்பது இன்றுவரை விடை தெரியாத கேள்வி, அதைப் பற்றிச் சொல்லத் தகுதியானவர் ஒருவர்தான் இங்கே இருக்கிறார், கோடி ஐயாவின் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் பார்த்த கண், அவருடைய முதல் வாசகி. கைதட்டினார்கள். தேன்மொழி முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். ரெண்டே வார்த்தை, நன்றி சொல்லிட்டு வந்துரு என்று காதில் சொன்னாள். அதைத்தான் வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள், எல்லாருக்கும் வணக்கம், வந்ததுக்கு நன்றி. மேடையில் ஏறியதும் அது போய்விட்டது. திருமேனி இரண்டாம் வரிசையில் புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, திறந்த கதவு வழியாக, உள்கூடத்துச் சுவரில் கடைசிப் படம் தெரிந்தது. அங்கே வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. அவள் அதைப் பார்த்துத்தான் பேசினாள். “பாத்தியான்னு கேட்டீங்க” என்றாள். கூட்டத்தில் யாரிடம் பேசுகிறாள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பாத்தேன்னு சொன்னேன். பாக்கலை. நான் அதைப் பிரிக்கவே இல்லை. இப்பத்தான் பாத்தேன்.” ஒலிபெருக்கி கொஞ்சம் இரைந்து அடங்கியது. அவள் அங்கேயே நின்றாள், சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது, ஆனாலும் இறங்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டேயிருந்தாள். ம் என்று ஒரு சத்தம்கூட வரவில்லை.